கறுப்பு வைர மோதிரம்: பதினாறு மாதம் விரலில் போட்ட பிறகு

வகுப்பு முடிந்து கரும்பலகையை அழித்துவிட்டு மோதிரத்தைப் பார்த்தால் கல்லின் ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி நிற்கும். கடுகில் கால்வாசிகூட இராது. வெண்கட்டித் தூள்தான். கல்லின் மேல்முகம் முடிந்து பக்கம் சரிகிற இடத்தில் ஒரு சின்னக் குழி இருக்கிறது. தூள் போய் அதற்குள் உட்கார்ந்துவிடுகிறது. இளஞ்சூட்டுத் தண்ணீர், கோப்பை கழுவுகிற சவர்க்காரம் இரண்டு துளி, பழைய பல் பிரஷ். அரை நிமிடத்தில் கல் பழையபடி கறுத்துவிடும். குழி இருக்கிறது என்று தெரிந்துகொண்டேதான் இந்தக் கல்லை வாங்கினேன். இயற்கையாகக் கறுத்த வைரத்தில் இப்படி ஒன்றிரண்டு குழி இல்லாமல் இருப்பது அபூர்வம்.

நான் யாழ்ப்பாணத்தில் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். இந்த மோதிரம் விரலுக்கு வர முதல் ஒரு தரம் ஏமாந்தேன். இரண்டாம் தரம் சரியாகக் கிடைத்தது. கறுப்பு வைரம் வாங்க நினைக்கிற எங்கள் ஊர்ச் சனத்துக்கு உதவட்டும் என்று இரண்டையும் எழுதுகிறேன்.

முதலில் விபரம். கல் 0.92 கரட், வட்ட வெட்டு. நிறம் இயற்கையானது என்று ஜி.ஐ.ஏ. என்ற அமெரிக்க இரத்தினக்கல் ஆய்வு நிறுவனத்தின் தாள் சொல்கிறது. கனடாவில் இருக்கும் தம்பி டொரன்டோவில் 1,350 கனடிய டொலருக்கு வாங்கினான். தங்கம் அம்மாவினுடையது. செய்கூலி 28,000 ரூபா. செய்தவர் கன்னாதிட்டிப் பக்கம் சின்னப் பட்டறை வைத்திருக்கும் ஒரு பத்தர்.

ஏன் கறுப்பு என்று கேட்காத ஆள் இல்லை. எனக்குக் காரணம் வகுப்பில்தான் இருந்தது. காபனின் பிறதிருப்பங்கள், அதாவது ஒரே மூலகம் எடுக்கிற வேறு வேறு வடிவங்கள், என்று கரும்பலகையின் இடப்பக்கம் வைரத்தையும் வலப்பக்கம் காரீயத்தையும் (பென்சிலுக்குள் இருக்கிற கிரபைற்று) கீறி, நடுவில் ஒரு கோடு போட்டு, ஒன்று கடினம் மற்றது மென்மை, ஒன்று மின்னைக் கடத்தாது மற்றது கடத்தும் என்று இருபத்துநாலு வருடம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இரண்டும் ஒரே கல்லுக்குள் இருக்கலாம் என்று வாசித்த அன்றைக்கு எனக்கு நித்திரை வரவில்லை. இயற்கைக் கறுப்பு வைரத்தில் பலவற்றின் உடல் நிறமற்றதாகவோ சாம்பல், மண்ணிறமாகவோதான் இருக்கும். அதற்குள் எண்ண முடியாத அளவு நுண்ணிய கருந்துணுக்குகள் அடைபட்டுக் கிடக்கும். பெரும்பாலும் காரீயம், சில கற்களில் மக்னரைற்று, ஹேமரைற்று போன்ற இரும்பின் கனியங்கள். உள்ளே போன வெளிச்சம் திரும்பி வர வழியில்லை. அதனால்தான் கறுப்பு.

எங்கள் நாட்டில் வைரம் விளைவதில்லை. ஆனால் உலகத்திலேயே தூய்மையான காரீயம் கேகாலைப் பக்கம் போகலையிலும், குருநாகல் மாவட்டத்துக் கஹட்டகஹவிலும் நரம்பு நரம்பாக ஓடுகிறது. நெக்லஸுக்கு ஆகாத அந்தக் கறுப்புச் சாமான் ஒரு வைரத்துக்குள் போய் அதன் நிறமாகவே ஆகிவிட்டிருப்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சந்தோஷம்.

இனி ஏமாந்த கதை. கடையின் பெயரையும் வீதியையும் எழுதப் போவதில்லை. அங்கே 1.10 கரட்டில் ஒரு கறுப்பு வைரம் காட்டினார்கள். “நச்சுரல் டயமண்ட், ரீச்சர். சேர்ட்டிபிக்கற்றோட தாறம்.” விலை 3 இலட்சத்து 80 ஆயிரம். தாளைப் பார்த்தேன். இயற்கை வைரம் என்று இருந்தது, எடை இருந்தது, அளவு இருந்தது. கல் கன்னங்கரேல் என்று, மை தொட்டு வைத்த மாதிரி, முழுக்க ஒரே சீராக இருந்தது. அந்தச் சீரைத்தான் நான் தரம் என்று எடுத்துக்கொண்டேன்.

40,000 முற்பணம் கட்டி, மூன்று நாளுக்குக் கல்லைக் கையில் தரச் சொல்லிக் கேட்டேன். தெரிந்த ஆள் என்றபடியால் தந்தார்கள். கடையில் வைரம் பார்க்கிற பேனை ஒன்று இருந்தது, தொட்டால் கீச்சிடும். அதை நான் நம்பவில்லை. அந்தப் பேனை பார்ப்பது வெப்பக் கடத்தலை. மொய்சனைற்று என்ற சிலிக்கன் காபைட்டுக் கல்லும் வெப்பத்தை நன்றாகக் கடத்தும், அதற்கும் கீச்சிடும். ஆகவே அடர்த்தி பார்ப்பது என்று முடிவெடுத்தேன். என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள், மில்லிகிராம் காட்டுகிற தராசு அவளிடம் இருக்கிறது. 1.10 கரட் என்றால் 220 மில்லிகிராம். காற்றில் நிறுத்தோம், 220. மெல்லிய நைலோன் நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தோம், நூலின் நிறையைக் கழித்து 157. வித்தியாசம் 63, கல் தள்ளிய தண்ணீரின் நிறை அது. 220ஐ 63ஆல் பிரித்தால் 3.49. வைரத்தின் அடர்த்தி 3.52, மொய்சனைற்று 3.22. மொய்சனைற்றாக இருந்தால் வித்தியாசம் 68 வந்திருக்கும்.

“வைரம்தான் ரீச்சர்!” என்று அவள் கை தட்டினாள். நானும் அதோடு விட்டுவிட்டேன். பிழை விட்ட இடம் அதுதான்.

கல் வைரம். மண்ணுக்குக் கீழே விளைந்த வைரம். கடைக்காரர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் அதன் கறுப்பு உலையில் வந்தது. மூன்றாம் நாள், சும்மா ஒரு மன ஆறுதலுக்காக, கொழும்புக்குப் போன உறவினர் கையில் கொடுத்து ஒரு ஆய்வுகூடத்தில் காட்டச் சொன்னேன். பதில் இரண்டு வரி: இயற்கை வைரம், நிறம் செயற்கையாக ஏற்றப்பட்டது.

வேலை நடக்கிற விதம் இது. வெடிப்பு நிறைந்து, சாம்பல் படர்ந்து, நகைக்கு ஆகாது என்று ஒதுக்குகிற வைரங்கள் சுரங்கத்தில் ஏராளம். அவற்றைக் காற்றில்லாத உலையில் வைத்துக் கடும் சூடு கொடுத்தால் வெடிப்புகளின் உட்சுவரில் வைரமே காரீயமாக மாறிவிடும். வெடிப்பெல்லாம் கறுக்கும், கல் முழுக்கக் கறுப்பாகத் தெரியும். இன்னொரு வழி கதிர்வீச்சு. அப்படிச் செய்த கல் உண்மையில் கரும்பச்சை; பலமான வெளிச்சத்தை ஓரத்தில் பிடித்தால் பச்சை கசியும். சந்தையில் கறுப்பு வைரம் என்று மலிவாகப் புழங்குவதில் பெரும்பகுதி இப்படி நிறம் ஏற்றியதுதான். அதை அணிவதில் ஒரு குற்றமும் இல்லை, விலையும் மிகக் குறைவு. இயற்கை நிறத்தின் விலைக்கு விற்பதுதான் குற்றம்.

ஆகவே கடையில் “இது இயற்கை வைரமா?” என்று கேட்காதீர்கள். ஓம் என்றுதான் சொல்வார்கள், அது உண்மையாகவும் இருக்கும். “நிறம் இயற்கையா?” என்று கேளுங்கள். தாளில் நிறத்தின் தோற்றம் என்ற வரி எங்கே என்று விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அந்த வரி இல்லாத தாள் கறுப்பு வைரத்துக்கு உதவாது. நான் பார்த்த தாளில் அந்த வரி இல்லை. இல்லாத வரி என் கண்ணில் படவில்லை.

கல்லைத் திருப்பிக் கொடுத்தேன். முற்பணம் திரும்ப வரவில்லை. “ஓடர் கன்சல் பண்ணினா முற்பணம் தாறேல்லை அக்கா, பில்லில போட்டிருக்கு” என்றார்கள். பில்லின் கீழே சின்ன எழுத்தில் இருந்தது உண்மை. 40,000 ரூபா. ஒரு மாதச் சம்பளத்தில் பெரிய பங்கு. இரண்டு கிழமை யாரோடும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

அம்மாவின் தங்கத்துக்கு வருகிறேன். 95 ஒக்ரோபர் கடைசியில் யுத்தத்தால் வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்த அந்த இரவில் அம்மா தன் நகைகளை ஒரு சீலைத் துண்டில் முடிந்து இடுப்பில் செருகியிருந்தா. கொடிகாமத்தில் அவிழ்த்துப் பார்த்தபோது ஒரு தோடு இல்லை. மிஞ்சிய ஒற்றைத் தோட்டை விற்கவும் இல்லை, சோடி செய்யவும் இல்லை. சாகும்வரை அலுமாரியில் வைத்திருந்தா. ஏழு வெள்ளைக் கல் பதித்த தோடு. “வைரத்தோடு” என்றுதான் வீட்டில் பெயர்.

அதைத்தான் கன்னாதிட்டிப் பத்தரிடம் கொண்டுபோனேன். பட்டறைக்குள் இரண்டு பேர் நின்றால் மூன்றாம் ஆள் வாசலில்தான். அவர் லென்ஸைக் கண்ணில் செருகித் தோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் தந்தார்.

“ரீச்சர், நடுக் கல்லுக்குள்ள, அடிப்பக்கத்துக் கோடுகளைப் பாருங்கோ. எப்பிடித் தெரியுது?”

“இரண்டு இரண்டாத் தெரியுது அண்ணை.”

“அப்ப அது வைரம் இல்லை. வைரத்தில ஒரு கோடு ஒரு கோடாத்தான் தெரியும். இது மாத்தறை வைரம். வெள்ளைச் சேர்க்கோன். இஞ்ச அந்தக் காலத்து ஆக்கள் கனபேர் இதைத்தான் வைரம் எண்டு போட்டவை. குறைஞ்ச கல்லெண்டு நினையாதேங்கோ.”

ஒரு கோட்டை இரண்டாகக் காட்டுகிற இரட்டை முறிவைப் படிப்பிக்கிறவள் நான். ஆனாலும் அம்மாவின் தோட்டுக்குள் அதைப் பார்க்க இவ்வளவு காலம் எடுத்தது. கவலை வரவில்லை. அந்த மனுசன் கேட்காமலே உண்மையைச் சொன்னாரே, மோதிரம் இவர்தான் செய்வது என்று அங்கேயே முடிவெடுத்தேன். ஏழு கல்லையும் நோகாமல் கழற்றி ஒரு மாத்திரைப் போத்தலில் போட்டுத் தந்தார். தோட்டுத் தங்கத்தோடு அறுந்த சங்கிலித் துண்டையும் சேர்த்து என் கண்முன்னால் நிறுத்து எழுதித் தந்தார்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த தம்பி கல்லைக் கொண்டுவந்தான். தாளில் ஃபான்சி பிளாக், நிறத்தின் தோற்றம் இயற்கை என்று தெளிவாக இருந்தது. வேறு நிற வைரங்களுக்கு மெல்லியது, கடுமையானது, ஆழ்ந்தது என்று ஜி.ஐ.ஏ. பல படி வைத்திருக்கிறது. கறுப்புக்கு ஒரே படிதான். தெளிவு, வெண்மை என்று வெள்ளை வைரத்துக்குப் பார்க்கிற எதையும் இதில் பார்க்கத் தேவையில்லை. வெட்டின் ஒழுங்கு, மேற்பரப்பு, நிறத்தின் தோற்றம், இந்த மூன்றையும் பார்த்தால் போதும்.

பத்தரின் கடையில் கதவைச் சாத்திவிட்டு, பலமான சின்ன ரோர்ச் ஒன்றைக் கல்லின் ஓரத்தில் வைத்து லென்ஸால் பார்த்தோம். எனக்கு இந்தக் கொள்வனவு முழுவதிலும் மறக்க முடியாத நிமிடம் அதுதான். கல்லின் விளிம்பு மெல்லிய இடத்தில் புகைச் சாம்பல் நிறத்தில் வெளிச்சம் கொஞ்சம் ஊடுருவியது. அந்தச் சாம்பலுக்குள் புள்ளி புள்ளியாக, மார்கழிப் பனிக்குள் தெரு விளக்கடியில் பறக்கிற கொசுக்கூட்டம் மாதிரி, கருந்துணுக்குகள் மிதந்தன. ஓரிடத்தில் அடர்த்தி, ஓரிடத்தில் ஐது. முதல் கடைக் கல்லை இப்படிப் பார்த்திருந்தால் வெடிப்புக் கோடுகள் வழியே கறுப்பு ஓடியிருப்பதைக் கண்டிருக்கலாம். ரோர்ச் முடிவான தீர்ப்பு இல்லை, ஆய்வுகூடம்தான் தீர்ப்பு. ஆனால் கேள்வி கேட்க வேண்டிய கல் எது என்று ரோர்ச் காட்டிக்கொடுக்கும்.

மதுரைக் கடைத்தெருவைச் சொல்கிற இடத்தில் சிலப்பதிகாரம் வைரத்தின் குற்றம் நான்கைச் சொல்கிறது: காகபாதம், களங்கம், விந்து, ஏகை. காக்கைக் கால் போன்ற கீறல், கறை, புள்ளி, கோடு. இந்த நாலும் இல்லாத வைரம்தான் நல்ல வைரம். என் கல்லை அந்தக் கடைத்தெருவுக்குக் கொண்டுபோயிருந்தால் நூல் கற்றவர்கள் தொட்டும் பார்த்திருக்கமாட்டார்கள், முழுக்க விந்து. மேற்கு நாட்டுக் கடைகளிலும் மிக அண்மைக் காலம்வரை இதற்கு மதிப்பில்லை. 1990களில்தான் ஜெனீவாவின் டி கிரிசோகோனோ நகை நிறுவனம் கறுப்பு வைரத்தைப் பெரிய நகைகளில் பதித்து நாகரிகமாக்கியது.

தம்பி பல கதைகளை அனுப்பினான். புதுச்சேரிக் கோயிலில் பிரமன் சிலையின் கண்ணிலிருந்து களவு போன கறுப்பு ஓர்லோவ், 67.50 கரட், சாபம் பிடித்தது என்று ஒரு கதை. கல் உண்மை, கண்ணும் சாபமும் விற்கிறவர்கள் சேர்த்த சரக்கு என்பதுதான் என் எண்ணம். 2022 பெப்ரவரியில் சதபீஸ் ஏலத்தில் 31 இலட்சம் பவுண்ட்ஸுக்கு மேல் போன எனிக்மா என்ற 555.55 கரட் கல்லின் படத்தையும் அனுப்பினான். அது காபனாடோ, வேறு இனம். என் மோதிரத்தில் இருப்பது ஒற்றைப் பளிங்கு. காபனாடோ நுண்பளிங்குகள் தாறுமாறாக ஒட்டிப் பிறந்த, நுண்துளை நிறைந்த கட்டி. பிரேசிலிலும் மத்திய ஆபிரிக்கக் குடியரசிலும்தான் கிடைக்கிறது. 1895இல் பிரேசிலின் லென்சோயிஸில் எடுத்த காபனாடோ 3,167 கரட். நகைத் தரத்தில் கிடைத்ததிலேயே பெரிய வைரமான கலினனைவிடப் பெரியது. அதை உடைத்துத் துளைபோடும் இயந்திரங்களுக்கு விற்றுவிட்டார்கள். காபனாடோவையும் என்னுடையது போன்ற ஒற்றைப் பளிங்கையும் ஒரே பெயரில் போட்டுக் குழப்புகிற விளம்பரங்கள் நிறைய. கடையில் “காபனாடோ” என்று சொன்னால் தாளில் அந்தச் சொல்லைக் கேளுங்கள்.

மோதிரத்துக்கு நான் நாலு நகம் வைத்துக் கல்லைத் தூக்கி நிறுத்தக் கேட்டேன். பத்தர் மறுத்துவிட்டார்.

“வெள்ளைக் கல்லுக்குத்தான் கீழால வெளிச்சம் வேணும். இதுக்கு என்னத்துக்கு? ஓரத்தில குழி இருக்கு, நகத்தை இறுக்கேக்க அதில பட்டா சில்லுப் போயிடும். சுத்திவர விளிம்பு மடிச்சுத் தாறன்.”

அவர் சொன்னது சரி. வைரம் எதையும் கீறும், ஆனால் அடி விழுந்தால் உடையும். துணுக்குகள் அடைந்த கல் இன்னும் கவனம் கேட்கும். பற்றவைப்பு வேலை முழுவதையும் முடித்துவிட்டுத்தான் கல்லை உட்கார வைத்தார். ஒட்சிசனில் 700 பாகை தாண்டினால் வைரம் எரிந்து காபனீரொட்சைட்டாகப் போய்விடும் என்று நான் படிப்பித்தது. கல்லில் சுவாலை படக்கூடாது என்று அவர் கைப்பழக்கத்தில் அறிந்தது.

குறைகளையும் சொல்கிறேன். இரண்டு கிழமை என்று சொன்ன வேலைக்கு ஐந்து கிழமை எடுத்தார். நான் நாலு தரம் அலைந்தேன். ஒன்பதாம் மாதம் விளிம்பு ஒரு பக்கம் மயிரிழை எழும்பி, சேலை நூலை இழுக்கத் தொடங்கியது. 22 கரட் தங்கம் மென்மையானது, தினமும் போடுகிற கல் மோதிரத்துக்கு 18 கரட்தான் நல்லது என்று அவர் முதலே சொன்னவர். அம்மாவின் தங்கத்தில் வேறு உலோகம் கூட்ட எனக்கு மனம் வரவில்லை. இருக்க வைத்துப் பத்து நிமிடத்தில் தட்டித் தந்தார். காசு வாங்கவில்லை.

விரலில் எப்படி இருக்கிறது? வெள்ளை வைரம் மாதிரி நெருப்புத் தெறிக்காது. அதை எதிர்பார்க்கிறவர்கள் வாங்க வேண்டாம். இதன் பளபளப்பு மேற்பரப்பில் மட்டும்தான், அசைத்தால் ஒவ்வொரு முகமும் மாறி மாறிச் சின்னக் கண்ணாடியாக ஒளிர்ந்து அணையும். மஞ்சள் தங்கத்துக்குள் அந்தக் கறுப்பு எடுப்பாக நிற்கிறது. மெருகு ஒரு துளி மங்கவில்லை. முன்பு ஒரு கறுப்பு ஓனிக்ஸ் மோதிரம் வைத்திருந்தேன், இரண்டு வருடத்தில் முகமெல்லாம் கீறலாகிவிட்டது. தேங்காய் துருவும்போதும் வாளியில் தண்ணீர் தூக்கும்போதும் இதைக் கழற்றி வைக்கிறேன். கல்லுக்காக இல்லை, விளிம்புக்காக.

பக்கத்து வீட்டு மாமி முதல் நாளே கேட்டா: “சனிக்கு நீலம், சுக்கிரனுக்கு வைரம். கறுத்த வைரம் ஆருக்குப் பிள்ளை?” சாத்திரம் பார்த்து வாங்கவில்லை மாமி என்றேன். கலியாண வீட்டுக்குப் போடாதே என்றா. மாமியின் மனம் நோகாமல் இருக்க அவவின் பேத்தியின் கலியாணத்துக்கு மட்டும் கழற்றிவிட்டுப் போனேன்.

இங்கே நகை என்றால் சேமிப்பு, ஆபத்துக்கு அடகு வைக்கிற சாமான். கறுப்பு வைரம் அதற்கு உதவாது. விசாரித்துப் பார்த்தேன், அடகு பிடிக்கிற இரண்டு இடத்திலும் கல்லைக் கழித்துத் தங்கத்தை மட்டும்தான் நிறுப்போம் என்றார்கள். கொடுத்த 1,350 டொலர் திரும்ப வரும் என்று நினைத்து வாங்கக்கூடாது. பிள்ளைக்குச் சீதனமாக, முதலீடாக என்று யோசிக்கிறவர்கள் அந்தக் காசுக்குப் பவுண் வாங்குங்கள். பார்க்கும்போது மனம் நிறைய வேண்டும் என்று வாங்குகிறவர்களுக்கு, நிறத்தின் தாளோடு கிடைத்தால், தயங்காமல் சொல்வேன்: வாங்குங்கள்.

வகுப்பில் இப்போது கரும்பலகைக் கோட்டின் இரண்டு பக்கமும் எழுதி முடித்துவிட்டு, மோதிரத்தைக் கழற்றி லென்ஸோடு முதல் வாங்குப் பிள்ளைகளிடம் கொடுக்கிறேன். யன்னல் பக்கம் கொண்டுபோய் ரோர்ச் அடித்துப் பார்க்கிறார்கள். கடைசி வாங்குக்குப் போய்த் திரும்பி வர ஒரு பாடவேளை முடிந்துவிடும். போன தவணை ஒரு பெடியன் கேட்டான், இது எந்தப் பக்கம் ரீச்சர், இடமா வலமா என்று. நடுக் கோட்டை அழித்துவிட்டுத்தான் பதில் சொன்னேன்.

மகளும் ஒன்று கேட்கிறாள், தோடாக, சின்னக் கல் இரண்டு. தம்பி கல் பார்க்கத் தொடங்கிவிட்டான். படம் அனுப்ப முதல் தாளை அனுப்பு என்று சொல்லியிருக்கிறேன். பத்தரிடம் இந்த முறை 18 கரட்தான் செய்யச் சொல்லப் போகிறேன். மாத்திரைப் போத்தலில் இருக்கிற அம்மாவின் ஏழு கல்லில் ஆறைத் தோட்டுக்கு மூன்று மூன்றாகச் சுற்றிப் பதிக்கலாமா என்றும் கேட்க வேண்டும்.